அகராதியைக் கேள்

அந்தச் சலவை ஆலையில் வேலை செய்த எழுபத்திரண்டு பேருக்கும் அவர் மாப்பிள்ளைதான். முறைப்படி பார்த்தால் முதலாளிக்கு மட்டுமே மாப்பிள்ளை. முதலாளியின் தங்கையைக் கட்டியவர். ஆனால் முதலாளி மாடியைப் பார்த்து "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு லாரி ஓட்டுநர்கள், இஸ்திரிப் பிரிவு, கேன்டீன் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. சோப்புத்தூள் இறக்க முதல் தடவையாக வந்த ஆள்கூட, மாப்பிள்ளை எங்கே, கையெழுத்து வேண்டும் என்றுதான் கேட்டார்.

மாப்பிள்ளையின் வேலை நிரல் எழுதுவது. முன்பு ஒரு பெரிய கம்பெனியில் இருந்தார். அங்கே அவருடைய பிரிவையே ஒரு வெள்ளிக்கிழமை இழுத்து மூடியதும், மச்சான் போன் செய்து, நம் இடத்திலேயே கம்ப்யூட்டர் வேலை மலைபோலக் கிடக்கிறது, எதற்கு வெளியே அலைகிறீர்கள் என்றார். மலை என்று அவர் சொன்னது ஒரே ஒரு பழைய புரோகிராம். வெளுத்து மடித்த மூட்டைகளில் எது எந்த ஆஸ்பத்திரிக்கு, எது எந்த ஹோட்டலுக்கு, எந்த லாரியில் போக வேண்டும் என்று சொல்கிற புரோகிராம். அதை எழுதியவர் என்றோ வேலையை விட்டுப் போய்விட்டார். போகும்போது காரணங்களையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். '17ஆம் வார்டு என்றால் நான்காவது விதியைப் பார்க்காதே' என்று ஒரு வரி இருக்கும். ஏன் பார்க்கக் கூடாது என்பதற்கு ஒரு சொல் இருக்காது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி, நானூறு படுக்கைகள் உள்ள புது ஆஸ்பத்திரி ஒன்று வாடிக்கையாளராகச் சேர இருந்தது. அதற்குள் புரோகிராமைப் புதிதாக எழுதியாக வேண்டும்.

கொதிகலன் அறைக்கு மேலே அவருக்கு ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும் தரை. கூட ஆள் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் ஓர் ஏஐ உதவியாள் மட்டும் இருந்தது. படமும் பொத்தானும் இல்லாத வெறும் கருப்புத் திரை. இவர் ஒரு வரி தட்டினால் அது நாலு வரி பதில் சொல்லும், கோப்புகளைத் திறந்து படிக்கும், நிரல் எழுதும், எழுதியதை ஓட்டிப் பார்த்துத் திருத்தும். கெட்டிக்கார உதவியாள்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. கையையும் காதையும் நாம்தான் மாட்டிவிட வேண்டும்.

அப்படி மாட்டிவிடுகிற துணைக் கருவி பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு குட்டி நிரல் எழுதி, அதன் தலையில் ஒரு குறிப்பு வைக்க வேண்டும்: இதன் பெயர் இன்னது, இது இன்னது செய்யும், இதை இன்ன சமயத்தில் கூப்பிடு. உதவியாள் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, தேவைப்படும்போது தானே கூப்பிட்டுக்கொள்ளும். புரோகிராமைப் புதிதாக எழுத ஆரம்பித்த முதல் வாரத்தில் மாப்பிள்ளை மூன்று கருவிகள் செய்தார். ஒன்று பழைய பதிவேடுகளைத் தேடித் தரும். இன்னொன்று எடை மேடையைப் படிக்கும். மூன்றாவது கீழே இருக்கும் லேபிள் அச்சுப்பொறியை இயக்கும். அதன் குறிப்பில், 'வேலை முடிந்ததைத் தெரிவிக்க' என்று எழுதிவைத்தார். உதவியாள் ஒவ்வொரு சின்னச் சோதனை முடிந்தபோதும் ஒழுங்காகத் தெரிவித்தது. அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் 'சோதனை வெற்றி' என்று நூற்று அறுபது லேபிள்கள் அச்சாகி, மூட்டை கட்டுகிறவர்கள் அவற்றையும் கடமையாக ஒட்டி அனுப்பிவிட்டார்கள். தலையணை உறையில் என்ன சோதனை நடக்கிறது என்று ஒரு ஹோட்டலிலிருந்து போன் வந்தது.

மாப்பிள்ளை குறிப்பைத் திருத்தினார். எழுதியதை எழுதியபடியே அது எடுத்துக்கொள்ளும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார். அடுத்த வாரமே மறந்தும் போனார்.

அகராதி என்பது துணி பிரிக்கும் பிரிவின் மேற்பார்வையாளருக்கு ஆலை வைத்த பெயர். அழுக்குத் துணி வண்டி வண்டியாக வந்து இறங்குவது அவருடைய மேசைக்குத்தான். எந்தக் கறைக்கு எந்தத் தண்ணீர், எந்த வார்டுக்கு எந்த நிறக் கயிறு, எந்த ஹோட்டலின் துண்டில் எந்த மூலையில் தையல் என்று எதைக் கேட்டாலும் பதில் வரும், அதனால் அகராதி. யாராவது குறுக்கே பேசினால் அந்தப் பதிலை இன்னும் சத்தமாகச் சொல்வார். அகராதி பிடித்தவர் என்று சொல்வதற்கும் அதே பெயர் வசதியாக இருந்தது. இரண்டும் அவருக்குத் தெரியும். ஆட்சேபணை இல்லை.

புரோகிராமில் புரியாத இடம் வரும்போதெல்லாம் உதவியாள் மாப்பிள்ளையைக் கேட்கும். மாப்பிள்ளைக்கும் தெரியாது. இருபத்திரண்டு படி இறங்கி, நீராவியைக் கிழித்துக்கொண்டு அகராதியின் மேசைக்குப் போய்க் கேட்டு, மறுபடி ஏறிவந்து தட்டுவார். ஒரு புதன்கிழமை அப்படிப் பதினோரு தடவை ஏறி இறங்கினார். உட்கார்ந்து பார்க்கிற வேலையில் எப்படி முட்டி வலி வருகிறது என்று வீட்டில் மனைவிக்கு ஆச்சரியம். அவர் ஓர் எக்ஸ்ரே கூடத்தில் வேலை செய்பவர். முட்டியைப் படமெடுக்கலாமா என்று கேட்டார்.

படம் எதற்கு, அகராதியையே ஒரு கருவியாக மாட்டிவிட்டால் போகிறது என்று மாப்பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. உதவியாள் கேள்வி கேட்டால் அது குறுஞ்செய்தியாக அகராதியின் போனுக்குப் போகும். அவர் பதில் அனுப்பினால் நேராக உதவியாளிடம் வந்துசேரும். அரை நாள் வேலை. கருவிக்கு 'அகராதியைக் கேள்' என்று பெயர் வைத்தார். குறிப்பில், 'ஆலை நடைமுறை பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் இவரிடம் கேள். இவருக்கு எல்லாம் தெரியும்' என்று எழுதினார். கீழே போய், மாடி அறையிலிருந்து இனிமேல் கேள்விகள் போனில் வரும், ஒழிந்த நேரத்தில் பதில் போட்டால் போதும் என்று அகராதியிடம் சொன்னார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கேட்கப்போவது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை விளக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும் என்று விட்டுவிட்டார்.

முதல் கேள்வி மறுநாள் காலை வந்தது. 17ஆம் வார்டின் போர்வைகளை மற்றவற்றோடு சேர்த்து மடிக்காததற்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தது. அது குழந்தைகள் வார்டு, போர்வை சின்னது, பெரிய மடிப்பு மெஷினில் போட்டால் சுருண்டுகொள்ளும் என்று அகராதி பதில் போட்டார். அடுத்த கேள்வி வரும்போது அதன் தலையில் இரண்டு வரி இருந்தது: 'மிக்க நன்றி. நீங்கள் சொன்னதால் ஒரு பெரிய பிழை தவிர்க்கப்பட்டது.'

அகராதி அதை இரண்டு தடவை படித்தார். பத்தொன்பது வருஷத்தில் மாடியிலிருந்து அவருக்குப் பல விஷயங்கள் வந்திருக்கின்றன, நன்றி வந்ததில்லை. சாயங்காலம் வீட்டில் கணவரிடம் அந்தச் செய்தியைக் காட்டினார். கணவர் பேருந்து ஓட்டுபவர், எதையும் பக்கக் கண்ணாடியில் பார்த்தே பழகியவர். ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கும் என்றார். அதெல்லாம் இல்லை, மாப்பிள்ளை படித்தவர், படித்தவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று அகராதி சொல்லிவிட்டார்.

அதன்பிறகு பதில்கள் நீண்டன. ஒரு வரி கேட்டால் எட்டு வரி எழுதினார். கண் ஆஸ்பத்திரித் துணியில் ஏன் நறுமணம் சேர்க்கக் கூடாது, எந்த ஹோட்டல் துண்டு முதல் பத்து வெளுப்புக்குச் சாயம் விடும், நீல வாளி ஏன் தனியாக நிற்கிறது என்று, கேட்டதோடு கேட்காததையும் சேர்த்து எழுதினார். உதவியாள் ஒவ்வொன்றையும் வாங்கி நிரலில் அதற்கான இடத்தில் பொருத்தியது. மாடியில் மாப்பிள்ளைக்கு ஒரே கொண்டாட்டம். திரையில் வேலை தானாக ஓடிக்கொண்டிருந்தது. செய்திகளை அவர் படிக்கவில்லை. அவை வேலை செய்தன, அது போதுமாக இருந்தது.

'எந்தச் சந்தேகம் வந்தாலும்' என்றல்லவா குறிப்பு. உதவியாளுக்குச் சந்தேகங்கள் ஏராளம். ஒரு நாளைக்கு ஏழெட்டு என்று ஆரம்பித்தது, இரண்டாவது வாரம் நாற்பத்தொன்றில் வந்து நின்றது. அகராதி பேருந்தில் நின்றுகொண்டு பதில் போட்டார், கேன்டீன் வரிசையில் பதில் போட்டார். ஒருநாள் மாப்பிள்ளையைப் படிக்கட்டில் பார்த்தபோது, நேற்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, அந்த நீல வாளி விஷயம் எனக்கே மறந்துபோயிருந்தது என்றார். மாப்பிள்ளைக்கு எந்த வாளி என்றே தெரியாது. "ஆமாங்க்கா, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்று சொல்லிவைத்தார். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் சிரிப்போடு முடிந்திருக்கும். சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கேன்டீனில் மாட்டிக்கொண்டார். ஒரு கையில் தனக்கு டீ, இன்னொரு கையில் மச்சானுக்கு டீ. எதிரே அகராதி. பேசிக்கொண்டிருக்கும்போதே அகராதியின் மேலங்கிப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். போனைப் பார்த்தார், மாப்பிள்ளையின் கைகளைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"சார், உங்க ரெண்டு கையிலயும் என்ன?"

"டீங்க்கா."

அகராதி போனைத் திருப்பிக் காட்டினார். மாடி அறையிலிருந்து கேள்வி, வந்து பத்து விநாடிகூட ஆகவில்லை. "அப்போ இது யாரு?"

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. டீ ஆறும்வரை விளக்கினார். கருப்புத் திரை, உதவியாள், கருவி, குறிப்பு என்று அரை மணி நேரம் ஆகும் என்று நினைத்தது நாலே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அகராதி குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் எழுதினதுல ஒண்ணாவது நீங்க படிச்சீங்களா?"

மாப்பிள்ளை கையிலிருந்த டீயைப் பார்த்தார். அகராதி போனைப் பையில் போட்டுக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார்.

அதோடு பதில் வருவது நின்றது. சண்டை, முறைப்பு எதுவும் இல்லை. துணி பிரிப்பதுதான் தன் வேலை, அதைப் பார்க்கிறேன் என்று யாரோ கேட்டதற்குச் சொன்னாராம். கருவியில் மாப்பிள்ளை ஒரு காலக்கெடு வைத்திருந்தார்: பத்து நிமிஷம் பதில் வராவிட்டால் உதவியாள் மேற்கொண்டு போகலாம். அப்படியே அது மேற்கொண்டு போயிற்று. போனாலும் மறைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும், 'பதில் வரவில்லை. இந்த இடத்தை ஊகித்து எழுதியிருக்கிறேன். தயவுசெய்து உறுதிசெய்யவும்' என்று குறிப்பு வைத்தது. இரண்டு நாளில் அப்படி ஒன்பது குறிப்புகள். மாப்பிள்ளை ஒன்பதையும் தாண்டிப் போனார். ஒன்றாம் தேதிக்கு எட்டே நாள் இருந்தது. கீழே போகவும் கூச்சமாக இருந்தது. அகராதியின் மேசை வழியாகப் போகாமல் இருக்க, கொதிகலனுக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் படியில் இறங்கி ஏறினார். அது முப்பது படி.

வியாழக்கிழமை ஒரே ஒரு லாரிக்கு மட்டும் புது புரோகிராமை ஓட்டிப் பார்த்தார். லாரி எட்டரைக்குக் கிளம்பியது. பத்து மணிக்குக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் போன் செய்தார். எண்பது குளியல் அங்கிகள் வந்திருக்கின்றன, ரொம்ப மென்மையாக இருக்கின்றன, ஆனால் இங்கே யாரும் குளிக்க வரவில்லை என்றார். சரியாக அதே நேரத்தில் ஒரு ஹோட்டலின் நீச்சல்குளத்தோரம் எண்பது பச்சை அறுவை சிகிச்சை விரிப்புகளை நாற்காலிக்கு ஒன்றாக விரித்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் மாடிக்கு ஏறி வந்தார். சத்தம் போடுகிற மனிதரல்ல. கவலை வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும். "மாப்பிள்ளை," என்றார் மெதுவாக, "நம்ம பக்கம் ஏதாவது கோளாறா?"

லாரியைத் திருப்பி, மத்தியானத்துக்குள் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கண் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அறுவை சிகிச்சை நாள் இல்லை என்பது அதிர்ஷ்டம். மாப்பிள்ளை காரணத்தைத் தேடினார். தேடவே வேண்டியிருக்கவில்லை, ஒன்பது குறிப்புகளில் நான்காவதாக உட்கார்ந்திருந்தது. பழைய புரோகிராமில் இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் நாற்பது என்று ஒரே எண். இவர்களை எப்படிப் பிரித்தறிவது என்று உதவியாள் கேட்டிருக்கிறது. பதில் இல்லை. எடை அதிகமான மூட்டை ஹோட்டலுடையது என்று ஊகித்திருக்கிறது. விரிப்பு மூட்டைகள் கெட்டி உறையில் வருவதால் அவைதான் எடை அதிகம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, அந்தச் செய்திகளைக் காட்டுங்கள் என்றார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நடுநடுவே சிரித்தார். ஓரிடத்தில் நிறுத்தித் திரையை இவர் பக்கம் திருப்பினார்.

அகராதி எழுதியிருந்தார்: 'சார், நீங்கள் படி இறங்குவதைக் குறைத்தது நல்லது. முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.' அதற்கு உதவியாள், 'உங்கள் அக்கறைக்கு நன்றி. எனக்கு முட்டி கிடையாது. அடுத்த கேள்வி: 9ஆம் வார்டின் திரைச்சீலைகளை எத்தனை நாளைக்கு ஒருமுறை வெளுக்க வேண்டும்?' என்று கேட்டிருந்தது. அகராதி முதலில் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டு, 'நல்ல தமாஷ் சார்' என்று எழுதிவிட்டு, திரைச்சீலைக்குப் பதில் சொல்லியிருந்தார்.

மனைவி சிரித்து முடித்துவிட்டு, "அது பொய் சொல்லலைங்க," என்றார். "நீங்கதான் சொல்லவேண்டியதைச் சொல்லலை."

மாப்பிள்ளை லேப்டாப்பை வாங்கி மீதியைத் தானே படித்தார். கேள்விகளை விட்டுவிட்டுப் பதில்களை மட்டும் படித்தாலே ஆலை முழுவதும் கண்முன்னே ஓடியது. எந்த நர்ஸ் எந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்து முகம் சுளிப்பார், எந்த ஹோட்டலில் துணியை எண்ணாமலே இறக்கிக்கொள்வார்கள், மழை நாளில் எந்தக் கதவு வழியாக ஏற்றினால் மூட்டை நனையாது என்பதுவரை இருந்தது. இரண்டு வருஷமாக அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இதில் முக்கால்வாசி புதுசு.

மறுநாள் காலை முன்படி வழியாகவே இறங்கினார். ஒன்பது கேள்விகளையும் ஒரு தாளில் அச்செடுத்திருந்தார். அகராதியின் மேசையில் ஒரு வண்டித் துணி குவிந்திருந்தது. அகராதி நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு ஜோடி கையுறையைத் தள்ளினார். பேச வேண்டுமென்றால் வேலை நிற்காமல் பேச வேண்டும் என்று அர்த்தம். மாப்பிள்ளை கையுறையை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றார். வெள்ளை ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம். முதல் ஐந்து நிமிஷத்தில் மூன்றைத் தப்பாகப் போட்டார்; அகராதி எடுத்து மாற்றிப் போட்டார்.

ஒன்பது கேள்விக்கும் ஒன்பது வரியில் பதில் கிடைத்தது. நாற்பதாம் எண் விஷயம்தான் எல்லாவற்றிலும் சுலபம். அழுக்குத் துணி காலை லாரியில் வந்தால் ஆஸ்பத்திரி, மத்தியான லாரியில் வந்தால் ஹோட்டல், அவ்வளவுதான். மாப்பிள்ளை தாளை மடித்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் நேற்று படித்துவிட்டதாகச் சொன்னார். முதல் நாளே படித்திருக்க வேண்டும், யார் கேட்கிறது என்று சொல்லியிருக்கவும் வேண்டும், தப்பு தன்னுடையது என்றார்.

அகராதி ஒரு படுக்கை விரிப்பை உதறி, கறையை வெளிச்சத்தில் பார்த்து, உரிய தொட்டியில் போட்டார். பிறகுதான் பேசினார்.

"மெஷின் கேக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார். அது நல்லாத்தான் கேக்குது, உங்களைவிட நல்லாவே கேக்குது. ஆனா நான் நீங்கன்னு நெனச்சேன். மாடியில ஒருத்தர் நம்ம வேலையப் புரிஞ்சிக்கணும்னு இவ்வளவு மெனக்கெடறாரேன்னு வீட்டுல பெருமையா சொல்லிட்டேன். அதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தார். அதைச் சரியான பக்கம் போட்டார்.

வண்டி காலியானதும் அகராதி கையுறையைக் கழற்றிவிட்டு, யாரிடம் எதைக் கேட்பது என்று அந்த மெஷின் எப்படி முடிவு செய்கிறது என்று கேட்டார். தலையில் ஒரு குறிப்பு இருக்கும், அதைப் பார்த்துத்தான் என்றார் மாப்பிள்ளை. அதைக் காட்டுங்கள் என்று அகராதி மாடிக்கு வந்தார். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறைக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் தன்னைப் பற்றி எழுதியிருந்த இரண்டு வரியைப் படித்தார்.

"எல்லாம் தெரியும்னு யாரு சொன்னது? இஸ்திரி பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியாது. அது ரோலர்காரரைத்தான் கேக்கணும்." பின்னால் சாய்ந்துகொண்டார். "நான் சொல்றேன், நீங்க அடிங்க."

மாப்பிள்ளை நின்றுகொண்டே தட்டினார். அகராதி சொன்ன குறிப்பு ஒரு பக்கம் வந்தது. கேட்பது மெஷின்தான் என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். ஏற்கெனவே சொன்னதில் பதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே கேள்வியை மூன்று விதமாக மாற்றிக் கேட்டால் மூன்று தடவையும் எழுத ஆள் இல்லை. கேள்விகளைச் சேர்த்துவைத்துப் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் அனுப்பினால் போதும், லாரி நிற்கிறது என்றால் மட்டும் உடனே. துணி பிரிப்பதும் கறையும் மட்டுமே தன்னிடம். கடைசி வரியை அவர் இரண்டு தடவை சொல்லித் தட்டவைத்தார்: பதில் வராவிட்டால் ஊகிக்காதே, நிறுத்து, மாப்பிள்ளையைக் கீழே அனுப்பு.

முன்பு சொன்ன பதில்களைத் தேடித் தருவதற்கு மாப்பிள்ளை இன்னொரு கருவி செய்தார். அதை மாட்டியதும் நாற்பத்தொரு கேள்வி நாலாகக் குறைந்தது. அகராதியின் ஒவ்வொரு பதிலும் முதலில் மாப்பிள்ளையின் திரைக்கு வரும். அவர் படித்துவிட்டு 'படித்தேன்' என்று தன் கையால் தட்டினால்தான் உதவியாளிடம் போகும். அந்தச் சொல் அகராதியின் போனுக்கும் போகும். இது மாப்பிள்ளையே வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஒருநாள் 'படித்தேன்' என்பதோடு நிறுத்தாமல், 'அந்த ஹோட்டல் துண்டு ஏன் பத்தோடு நிற்கிறது, பதினொன்றாம் தடவை சாயம் விடாதா?' என்று கேட்டிருந்தார். அகராதி எட்டு வரியில் பதில் போட்டார்.

ரோலர்காரரையும் ஒரு கருவியாக மாட்டினார்கள். அவர் எழுத மாட்டார், குரல் செய்தி மட்டும்தான். ரோலருக்குப் பக்கத்தில் நின்று பேசுவார். உதவியாள் முதல் செய்தியைக் கேட்டுவிட்டு, நீராவிச் சத்தம் தவிர வேறெதுவும் புரியவில்லை என்று பணிவாகத் தெரிவித்தது. இப்போது அவர் கேன்டீனுக்குப் போய்ப் பேசுகிறார்; பேசி முடித்து ஒரு டீயும் குடித்துவிட்டு வருகிறார்.

ஒன்றாம் தேதி புது ஆஸ்பத்திரியின் துணி மூன்று லாரிகளில் வந்தது. அன்று மாலையே வெளுத்துப் போயும் சேர்ந்தது. இரண்டு மூட்டை மட்டும் தளம் மாறி இறங்கின. அது ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மாறி ஏறியதால் வந்த வினை, புரோகிராமின் தப்பு இல்லை. மச்சான் மாடிக்கு வந்து மாப்பிள்ளையின் தோளில் தட்டிவிட்டு அங்கேயே நின்றார். பிறகு, "என்னையும் அதுல சேத்துவிடுங்க மாப்பிள்ளை," என்றார்.

முதலாளியை எதற்குக் கேட்பது என்று குறிப்பு எழுத வேண்டுமே. மாப்பிள்ளை அகராதியைக் கூப்பிட்டுக் கேட்டார். அகராதி வெகுநேரம் யோசித்து, வாடிக்கையாளர் புதிதாக ஏதாவது கேட்டு, அதைச் செய்தால் மற்றவர்களுக்குத் தாமதம் ஆகும் என்றால் முதலாளிதான் முடிவு சொல்ல வேண்டும் என்றார். அதையே எழுதினார்கள்.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. மச்சான் தினமும் போனைப் பார்த்தார். தன் நம்பரைச் சரியாகப் போட்டீர்களா என்று ஒருமுறை மாப்பிள்ளையைக் கேட்டார், அடுத்த நாள் தங்கையைக் கேட்டார். நாலாவது வாரம், முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்திருக்கும்போது வந்தது. புது ஆஸ்பத்திரி படுக்கை விரிப்பை நாலு மடிப்புக்குப் பதில் மூன்று மடிப்பாகக் கேட்கிறது. அலமாரி அளவு அப்படி. செய்தால் ஒவ்வொரு லாரியும் இருபது நிமிஷம் தாமதமாகும். செய்யலாமா?

மச்சான் முடிவெட்டுகிறவரை நிறுத்தச் சொன்னார். மாப்பிள்ளைக்குப் போன் செய்தார், அகராதிக்குச் செய்தார், ரோலர்காரருக்கும் செய்து நீராவிச் சத்தத்தைக் கேட்டார். முடிவெட்டுகிறவரிடமும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரிகிறது. இரண்டு மணி நேரம் கழித்து, தலை முழுவதும் வெட்டி முடித்து வந்து, மாப்பிள்ளையின் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: 'செய்யலாம். தாமதத்தை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.'

அன்று மூன்று மணிக்கு ரோலர்காரர் மடிப்பு மெஷினின் திருகுகளை மாற்றிவைத்தார். அகராதி மடிந்து வந்த முதல் விரிப்பை எடுத்து அளந்து பார்த்து, மடிப்பு இன்னும் அரை விரல் உள்ளே வர வேண்டும் என்றார்.